வீட்டில் விட்டுவந்த பலகை

நேற்று என் லோரியை விலைக்குக் கேட்டு மந்தின் டவுனிலிருந்து ஒருவர் வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார், எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார், விலையும் படிந்தது. பின்னால் கட்டியிருந்த பத்தடிப் பலகையைக் காட்டி, "இது எதுக்குண்ணே? தூக்கிப் போட்ருங்க லா" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "லோரிக்குத்தான் விலை சொன்னேன், பலகைக்கு இல்ல" என்று கத்திவிட்டேன். பாவம், மனிதர் பயந்துபோனார்.

அவர் போன பிறகு பலகையைத் தடவிப் பார்த்தேன். உன் ஊன்றுகோல் வழுக்கக்கூடாதென்று நான் அடித்த குறுக்குச் சட்டங்கள் இன்னும் ஆடவில்லை.

ரந்தாவ் ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உன் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. போலியோ வந்து உன் இடது கால் சின்னதிலேயே சூம்பிவிட்டது. பள்ளிக்கு என் சைக்கிளில்தான் வருவாய். ஓட்டமா, பந்தா, எல்லாவற்றிலும் நான்தான் முதல். ஆனால் ஆட்டம் முடிந்ததும் பயல்கள் எல்லாம் உன் பேச்சைக் கேட்க உன்னைச் சுற்றித்தான் உட்காருவார்கள். எனக்கு வயிறு எரியும். இரண்டு நல்ல காலை வைத்துக்கொண்டு உன்மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கட்சிக் கிளையிலும் இதே கதைதான். வாரம் முழுக்கச் செம்பனைக் குலை ஏற்றுகிற என் லோரிதான் ஞாயிற்றுக்கிழமை நமக்கு மேடை. நான் பலகையைச் சாய்ப்பேன், நீ ஊன்றி ஊன்றி ஏறுவாய், பேசுவாய். கைதட்டல் உனக்கு. பலகையை மறுபடி தூக்கி வைத்துக் கட்டுவது நான்.

தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்று பார்க்க மேலிடத்து ஆள் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பட்டியலில் இரண்டே பெயர், உன்னுடையதும் என்னுடையதும். அன்று காலை பலகையை என் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். வேண்டுமென்றேதான். கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், "அடடா, மறந்துட்டேன்டா" என்றேன். நீ தலையை மட்டும் ஆட்டினாய்.

நான் மேலே ஏறித் தொண்டை கிழியப் பேசினேன். முடித்ததும் கீழே இருந்து உன் குரல் வந்தது: "என்னால ஏற முடியல. நீங்க கொஞ்சம் கிட்ட வாங்க லா." மொத்த ஜனமும் உன் பக்கம் திரும்பி நெருங்கியது. லோரிமேல் நின்ற எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான்.

சீட்டு உனக்குப் போனது. மூன்று தவணை சட்டமன்ற உறுப்பினராக இருந்தாய். சட்டமன்ற உறுப்பினரை இங்கே ஒய்.பி. என்றுதானே சொல்வோம், உனக்கு 'மேடை ஏறாத ஒய்.பி.' என்று ஊரெல்லாம் பேர். தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு நிலம் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாய், வாங்கியும் கொடுத்தாய். சட்டமன்றத்தில் உனக்காகச் சாய்தளம் கட்டினார்கள். அரசாங்கமே கட்டித் தருகிறபோது என் பலகை யாருக்கு வேண்டும்? என் வீட்டுக்காரிகூட, "ஒய்.பி. அண்ணனும் உங்ககூட வளர்ந்தவருதானே" என்று குத்திக் காட்டுவாள். நீ வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிட நினைப்பேன். உனக்கு இன்னொரு டீ ஊற்றிக் கொடுப்பேன்.

போன மாதம் நீ போய்விட்டாய். கட்சிக்காரர்கள் பூ அலங்கரித்த வேன் கொண்டு வந்தார்கள். உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வேன் வேணாம், உங்க லோரிலதான் போவேன்னு சொல்லிட்டுப் போனாருண்ணே. 'இந்தத் தடவயாச்சும் பலகைய வீட்டுச் சுவத்துல சாச்சி வச்சிட்டு வந்துடாதன்னு அவன்கிட்ட சொல்லு' அப்படின்னாரு. எப்பப் பாரு விளையாட்டு" என்று அழுகைக்கு நடுவில் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலிடத்து ஆள் வந்த அன்று காலை என் வாசலைத் தாண்டித்தானே வந்து லோரியின் முன் சீட்டில் ஏறினாய்! பார்த்திருக்கிறாய். பார்த்தும் வழி நெடுக என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருக்கிறாய். இத்தனை வருஷம் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. பாவி, இதிலுமா நீ என்னை ஜெயிக்க வேண்டும்?

பலகையைச் சாய்த்தேன். அதன் வழியாகத்தான் உன்னை ஏற்றினோம். தலைமாட்டைப் பிடித்தபடி நான் மேலே நின்றேன். கீழே இருந்த அத்தனை முகமும் உன்னையே பார்த்தன. அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, போ.

நாளைக்கு லோரியைக் கொண்டுபோகிறார்கள். பலகையை இறக்கி வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டேன். வாசலைத் தாண்டும்போதெல்லாம் கண்ணில் படுகிறது, அன்று உனக்குப் பட்டது போல.