லேப்டாப்புக்கு அம்மா தைத்த உறை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே சளி காய்ச்சல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே உடம்பைப் பொறுத்தவரை நாங்கள் இருவரும் நலம், மற்றதைக் கீழே எழுதுகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தைத் தேடிப் பிடித்து எழுதுகிறார் என்று நினைப்பாய். உன் அம்மா ஸ்பீக்கரில் போடாமல் பேசமாட்டாள், மெசேஜ் வந்தாலோ நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவள் படித்து முடித்துவிடுவாள். இது அவள் காதுக்குப் போகக்கூடாத விஷயம்.

நீ எனக்கு விட்டுப்போன லேப்டாப் போய்விட்டது கண்ணு. முழுசாகப் போயிருந்தாலாவது தலைமுழுகியிருப்பேன், அரைகுறையாகப் போனதுதான் வயிற்றெரிச்சல். போன மாதம் ஒரு வீட்டுச் சமையலறைக்கு அலமாரி வரைந்துகொண்டிருந்தேன், கதவுக்கு நிறம் கொடுத்துப் படத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கிறேன், திரை முழுக்கக் கோடு கோடாக வந்து அப்படியே நின்றுவிட்டது. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் திறந்து பார்த்து கிராபிக்ஸ் கார்டு செத்துப்போச்சு என்றார். சரி, பல்பு மாற்றுகிற மாதிரி அதைக் கழற்றிவிட்டு வேறு ஒன்று மாட்டுங்கள் என்றேன், பெரிய விவரம் தெரிந்தவன் மாதிரி. லேப்டாப்பில் அது தனியாக இருக்காதாம், போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்களாம், மாற்றினால் மொத்த போர்டையும்தான் மாற்ற வேண்டுமாம். பழைய போர்டு வாங்கினால்கூட நமக்குக் கட்டுப்படியாகாது, அதுவும் எத்தனை நாள் ஓடும் என்று அவர் வாக்குக் கொடுக்கமாட்டாராம். வாடகை போக இங்கே என்ன மிஞ்சும் என்று உனக்குத் தெரியாததா. நான் கடையை விட்டு நகராமல் நின்றதால் மனசு இரங்கி, சூடான காற்றடித்துப் பார்க்கிறேன், வந்தா வரும், நம்பி மட்டும் இருக்காதீங்க என்றார். வந்தது. நான் நம்பிவிட்டேன். நாலைந்து நாள் ஒழுங்காக ஓடியது, பிறகு மறுபடியும் அதே கோடு. இப்போது அந்தக் கார்டை வேலை செய்யாமல் நிறுத்திவைத்து, மற்றதை ஓடவிட்டுக் கொடுத்திருக்கிறார். பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம், நான் வரைகிற புரோகிராமைத் திறந்தால் மட்டும் திணறித் திணறி அணைந்துவிடுகிறது. எனக்கு அது ஒன்றுதானே வேண்டும், பாட்டைக் கேட்டு நான் என்ன செய்ய.

அலமாரிக் கடை முதலாளியைக் குறை சொல்லமாட்டேன். என் முழங்கால் மடங்காமல் போன பிறகும் வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பச் சொன்னவர் அவர். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். அதற்குள் நானும் சும்மா இருக்காமல் பழையபடி பென்சிலும் ஸ்கேலும் எடுத்து ஒரு சமையலறையை முழுசாகக் கையால் வரைந்து, கலர் பென்சிலால் தீற்றிக் கடைக்கு எடுத்துப்போனேன். வந்திருந்த வீட்டுக்காரர் ரொம்ப அழகா இருக்கு சார் என்றார், பிறகு ஜன்னல் பக்கமிருந்து பார்த்தா எப்படி இருக்கும், கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க என்றார். நான் அசடு மாதிரி காகிதத்தைத் திருப்பினேன். முதலாளி சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. மறுநாள் போன் செய்து, வேற ஒரு ஆளைப் போட்டுட்டேன் அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க என்றார். நான் என்னத்தைத் தப்பாக எடுத்துக்கொள்ள. இந்த வயதில், இந்தக் காலை வைத்துக்கொண்டு, எனக்கு வேறு யார் வேலை தரப்போகிறார்கள் சொல்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ரிப்பேர் கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்தபோது உள்ளே காற்றாடி முழுக்கப் பச்சைப் பஞ்சு. இதை எதுலயாவது சுத்தி வச்சு ஓட்டினீங்களா என்று கேட்டார். உன் அம்மாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, ரிமோட்டுக்கு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, என்னை நாலு பேர் முன்னால் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருப்பதால்தான் எனக்குத் தைக்காமல் விட்டிருக்கிறாள். மகள் கொடுத்த பொருள் என்று பச்சை வெல்வெட் எடுத்து, திரைக்கும் எழுத்துப் பலகைக்கும் மட்டும் ஜன்னல் வெட்டி, பக்கத்தில் இருந்த துளையெல்லாம் தூசி போகிற வழி என்று நினைத்து எலாஸ்டிக் வைத்து இறுக்கமாக மூடித் தைத்திருந்தாள். குளிர் நாளில் மடியில் வைத்தால் இதமாகச் சுடுகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் அதை மெச்சிக்கொண்டோம் அம்மாடி. அந்தச் சூடுதான் கார்டைத் தின்றுவிட்டது. கடைக்காரரிடம் உறையா, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவளிடம் ஏதோ ஒரு பார்ட் வர வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். முன்பு வீட்டுத் தொட்டியில் அவள் தண்ணீர் மாற்றும்போது மீன் செத்துப்போனதற்கு, இன்றுவரை மீன்தொட்டிக் கடை இருக்கும் தெருவில் நடக்கமாட்டாள். இது தன் கையால் போனது என்று தெரிந்தால் என்ன ஆவாள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பழைய உறை நைந்துவிட்டதாம், புதிதாக ஒன்றுக்குத் துணி வெட்டி வைத்திருக்கிறாள், இந்தத் தடவை இரட்டைத் துணி. போடட்டும், இனி அதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது.

அந்தப் பார்ட்டுக்குப் பணம் மகளிடம் கேளுங்கள் என்கிறாள். நீ எதுவும் அனுப்பாதே. உன் ஆபீஸில் ஆள் குறைக்கிறார்கள் என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை, ஒரே அறையில் மூன்று பேர் படுத்திருப்பதும் தெரியும். கையில் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள். சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதே. எங்களுக்கு எப்படி ஓடும் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது, லேப்டாப் சரியாகிவிட்டது, கடையில்தான் ஆர்டர் இல்லை என்று சொல்வேன். அவள் முதலாளியைத் திட்டுவாள், திட்டட்டும், அவருக்கா கேட்கப்போகிறது. நீ உடனே, அப்பாடா, நல்லதாப் போச்சுப்பா என்று சொல்ல வேண்டும். அவள் அடுப்படியில் நிற்பாள், அதனால் கொஞ்சம் உரக்கவே சொல். குரல் உடைகிற மாதிரி இருந்தால் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிடு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன் நினைவாக,
அப்பா