ஹெஸ்டர் ஆன்ட்டி வாசல்ல என் பாதிரியார்

போங்கப்பா, நீங்க என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடாது. சோளக்கொல்லைப் பொம்மைப் போட்டிக்கு, வாத்துக் குளத்துல சைக்கிளோட விழுந்த நம்ம பாதிரியாரைத்தான் பொம்மையாச் செய்யப் போறேன்னு உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். காலைல ஜன்னலைத் திறந்தா, பக்கத்து வீட்டு ஹெஸ்டர் ஆன்ட்டி வாசல்ல அதே பாதிரியார், அதே சைக்கிள்! "உங்கப்பாதான்டி யோசனை குடுத்தாரு, வைக்கோல்கூட அவர்தான் திணிச்சாரு"ன்னு சிரிக்கிறாங்க. பெத்த பொண்ணுக்கே துரோகமா?

அடுப்புல ஆட்டுக்கறி ஸ்டியூ இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. நாளைக்குப் போட்டி நடக்கிற இடத்துல போடுற டீக் கூடாரத்துக்கு நாற்காலி எடுக்க கிளெமென்ட் மாமா வருவார், கொட்டகைச் சாவி கதவு ஆணியில தொங்குது. நான் வைக்கோல் கேட்டு வாங்கப் பண்ணைக்குப் போறேன்.

பி.கு. கறித்துண்டு எல்லாம் உங்களுக்குத்தான் விட்டு வெச்சிருக்கேன். அதுக்காகக் கோவம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க.

இன்னொண்ணு! நாளைக்கு நடுவருங்க வர்றதுக்குள்ள புதுப் பொம்மை தயாராயிடும். வேலி மேல எட்டிப் பார்த்து, பக்கத்து வீட்டுக்கு ரகசியம் ஓதுற அப்பா! உங்க பச்சைத் தொப்பியையும் ஞாயித்துக்கிழமை கோட்டையும் எடுத்துட்டேன். ஊரே உங்களை அடையாளம் கண்டுபிடிச்சிடும்ல, என்னப்பா நினைக்கிறீங்க?