பட்டிக்குள் ஒளிந்த போல்ட்

பிடிவாதக்காரக் கிழவா,

"செவ்ரோலே காரை வித்துடச் சொல்லு, இனி எனக்கெதுக்கு வண்டி" என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே பக்கத்து வீட்டு எவெலியோவிடம் சொல்லி அனுப்பினாயாமே? விற்கவில்லை. கிளட்ச் மாற்றுவதற்காகக் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டேன்.

லேசில் வரவில்லை. கண்ணில் பட்ட போல்ட்டையெல்லாம் கழற்றிய பிறகும் அது இன்ஜினை விட்டு அசையவே இல்லை. எவெலியோ கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தான்.

"அண்ணி, இது ஒட்டிப் பொறந்த ரெட்டைப் புள்ளைங்க. பேசாம வித்துடுங்க."

"நீ ஓரமாப் போய் காபி குடி. என் புருஷனை எனக்குத் தெரியும்."

அமெரிக்க இன்ஜினையும் ரஷ்ய கியர்பாக்ஸையும் சேர்க்க, நடுவில் வைக்கும் தகட்டை நீயே அறுத்துச் செய்தாய். ஹவானாவில் வேறு எந்த மெக்கானிக்கும் அதைப் பிரித்துவிடக் கூடாது என்ற கொழுப்பு உனக்கு. என் அம்மா கண்ணிலிருந்தே ரம் பாட்டிலை ஒளித்தவன் நீ! தகட்டைச் சுற்றி நகத்தால் சுரண்டிக்கொண்டே போனேன். மேலே, கை நுழையாத மூலையில், பட்டிப் பசை பூசிக் கறுப்பு பெயின்ட் அடித்த இடம் உதிர்ந்தது. உள்ளே ஒரு போல்ட் பல்லிளித்தது.

"டாக்டர் என்ன சொன்னாருன்னா..." என்று எவெலியோ இழுத்தான்.

"முதல்ல அந்த ஸ்பானரை எடுத்துக் குடு" என்றேன்.

போல்ட் கழன்றதும் கியர்பாக்ஸ் சத்தமில்லாமல் ஜாக்கியின் மேல் இறங்கியது.

புது கிளட்ச் போட்டாகிவிட்டது. நாளைக்குக் கியர்பாக்ஸை ஏற்றி மற்றதையெல்லாம் முடுக்கிவிடுவேன். அந்த ஒரு போல்ட் மட்டும் என் ஏப்ரன் பையிலேயே கிடக்கும். யார் கேட்டாலும் தரமாட்டேன்.

எழுந்து வந்து நீயே மாட்டு.

வண்டியையும் உன்னையும் விடாதவள்