இரண்டு கைப்பிடிக் கேமரா

மார்ச் 9, திங்கள்

மாத்தளையில் பாரூக்கின் கடைக்குப் போய், நான் வாங்க நினைக்கும் கேமராவைப் போனில் காட்டினேன். தண்ணீர் புகாத பெரிய கூடு, இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலே இரண்டு விளக்கு. என்னுடைய சின்னக் கேமராவில் ஆழத்துக்குப் போனால் எல்லாமே நீலமாகத்தான் விழுகிறது. பாரூக் மிளகு நிறுப்பதை நிறுத்தவில்லை.

"ரெண்டு கையும் அதுக்கே போயிரும். அப்ப எனக்கு எந்தக் கை, அண்ணே?"

திருகோணமலையில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது எப்போதும் நாங்கள் இருவரும் ஜோடியாகத்தான். போன தடவை காற்று குறைகிறது என்று அவன் சைகை காட்டியதை நான் பார்க்கவில்லையாம். பார்த்தேன். கொஞ்சம் பொறு என்று விரலைக் காட்டினேன். இதை எத்தனை தடவை சொல்வது?

"அத வாங்குனா மீனையே ஜோடியா கூட்டிக்கிட்டுப் போங்க," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கடல் அடங்கியதும் எப்போது போவது என்று இந்த வருடம் அவன் கேட்கவே இல்லை. தனியாக என்னை யாரும் இறங்க விடமாட்டார்கள். இந்த வயதில் என்னோடு புதிதாக யார் ஜோடி சேர்வார்கள்?

உக்குவளையில் வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணித் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். பக்கத்தில் ஒரு ஆளைத் தொட விரல்கூட மிச்சமில்லை.

"தட்டு மட்டும் வந்திருக்கு, தேத்தண்ணி எங்கங்க?" என்றாள் மனைவி.

ஒரு கைப்பிடியும் ஒரு விளக்கும் மட்டும் பூட்டித் தருவானா என்று நாளைக்குக் கொழும்புக் கடைக்காரனிடம் கேட்க வேண்டும். பெரிய கூடுதான், அதில் மாற்றமில்லை. ஏன் ஒரு கைப்பிடி என்று பாரூக் கேட்டால், பாரம் குறையத்தான் என்று சொல்லிக்கொள்வேன்.

அவன் கேட்க வேண்டும்.