தேர் பார்க்கப் போன பிள்ளைகள்

அன்புள்ள அத்தானுக்கு,

இந்த ராத்திரி நேரத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

உங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பேண்டேஜ் துணியை நெய்யும் தறிக்கூடத்தைப் பார்வையிட நீங்கள் மெட்ராஸிலிருந்து ராஜபாளையம் வந்த அன்று, நான் ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்குப் போயிருந்தேன் அல்லவா? அங்கே ஒரு வேன் நிறைய சின்னப் பெண்பிள்ளைகள். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சுடலையம்மாளின் மகள் கருத்தம்மாளும் இருந்தாள்.

"தேர் பாக்க வந்தியா?" என்றேன்.

"தேரு எங்கிட்டுக்கா கண்ணுல பட்டுச்சு? எறங்கவே விடல. தறிக்கு மெட்ராஸ்ல இருந்து ஆளு வாராகளாம். அவுக போன பொறவுதான் எங்களத் திரும்ப வேலைக்குக் கூட்டிட்டுப் போவாக."

"ஏட்டி, அங்க என்ன பேச்சு?" என்று அவர்களைக் கூட்டி வந்த தறி மேஸ்திரி அதட்டினார்.

அன்றிரவு சாப்பிடும்போது, தறிக்கூடத்தில் சின்னப் பிள்ளை ஒன்றுகூட இல்லை என்றீர்கள். நான் பார்த்ததைச் சொன்னேன். வரும் தேதியை முதலாளிக்கு முன்கூட்டியே கார்டு போட்டுத் தெரிவித்துவிட்டு வருவதுதான் கம்பெனி வழக்கம் என்றீர்கள். பிறகு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டீர்கள்.

நேற்று சுடலையம்மாள் மகளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கத் தறிக்கூடத்துக்குப் போய் வந்தாள். "நாங்க வாங்குன அட்வான்ஸ் கழியாம அவள விடமாட்டாகளாம். ஒங்க வீட்டு ஐயாவே எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டாகளாம்லா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

இன்று தறி முதலாளி வீட்டிலிருந்து நமக்குப் பால்கோவா வந்திருக்கிறது. பிரிக்கவில்லை. திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளையை அடிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

போட்ட கையெழுத்தை அழிக்க முடியாதுதான். ஒரு தடவை கார்டு போடாமல் வருவீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா