ஜென்ஷன் நீலம்

14 நவம்பர் 1978, செவ்வாய்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

போன மாசம் பெங்களூர்க் கடைக்கார அம்மா டிரங்க் கால் போட்டு, எங்களிடம் ஜென்ஷன் ப்ளூவில் பட்டுப்புடவைகள் நெய்து கேட்டார். போனை வைத்த என் மூத்தார், வீட்டுக்காரரின் அண்ணன், "ஜென்ட்ஸ் ப்ளூவாம். ஆம்பளைங்க பேண்ட்டு போடற கருநீலம்" என்றார். தாவரவியல் படித்தவள் நான். "இல்ல மாமா, ஜென்ஷன்னா மலையில பூக்கற ஒரு பூ. பளிச்சுனு நீலமா இருக்கும்" என்றேன். "படிச்ச திமிரு" என்று சிரித்தார். என் வீட்டுக்காரரும் கூடச் சிரித்தார்.

இன்று அந்தம்மா நேரில் வந்தார். புடவையைப் பிரித்ததும், "நான் கேட்டது இது இல்லையே, அந்த ஜென்ஷன் பூவோட நீலம்" என்றார். உடனே மூத்தார், சாயம் போடும் தாமோதரனைக் கூப்பிட்டு, "இன்னா கலர்யா போட்டுகினு வந்த? நாளையிலேருந்து வராத!" என்று கத்தினார். சொன்ன கலரைத்தான் போட்டார் அந்த மனுஷன்.

நான் கூடத்துக்கு வந்தேன். "கருநீலம் போடச் சொன்னது நீங்கதான் மாமா. அன்னிக்கே நான் சொன்னேன்."

"உள்ள போ" என்றார் வீட்டுக்காரர். நான் போகவில்லை.

அந்தம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். தாமோதரனைக் காட்டி, "புதுசா நெய்து குடுங்க. சாயம் இவரே போடட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சாப்பிடும்போது வீட்டுக்காரர், "வெளியாள் எதிர்ல அண்ணன் மானத்த வாங்கிட்டியே" என்றார். தாமோதரனுக்கு மானம் கிடையாதா என்று கேட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

போகட்டும். நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டேன்.