வாளில் படிந்த விரல்

செகி, ஜூன் 14

அன்புள்ள ஃபுமியேவுக்கு,

இங்கு நலம். நீயும் உன் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். ஹக்கொதாதேயில் இன்னும் குளிர் விடவில்லை என்று வானொலியில் சொன்னார்கள். நீ மறந்துவிட்டுப் போன கம்பளிச் சட்டையை இத்துடன் அனுப்புகிறேன். ஊறுகாய்க்கு வாங்கிய உமேக் காய்களில் பாதியைப் பூஞ்சை பிடிக்க விட்டுவிட்டேன். நீ இருந்திருந்தால் நல்ல திட்டு கிடைத்திருக்கும்.

கிளம்பும்போது நீ, "பொண்ணு செத்துப்போய் அம்பது நாள்கூட ஆகல, நீங்க இரும்பத் தேய்ச்சிட்டு உக்காந்திருக்கீங்க" என்றாய். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார முடியவில்லை. அதனால்தான் என் அப்பாவின் அந்தப் பழைய வாளை எடுத்தேன். சாணைக்கல் விற்ற ஹிரானோகூட, "பஸ் ஓட்டின கைக்கு இந்த வேல எதுக்குங்க? பாழாக்கிடாதீங்க" என்று கேலி செய்தார். ஒரு நாளைக்கு ஒரு விரல் நீளம் என்று தேய்த்துவந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அந்தக் கறைக்கு வந்து சேர்ந்தேன். உனக்கு நினைவிருக்கும். மினோரிக்கு அப்போது ஒன்பது வயது. வாளை உருவினால், நடுவில் யாரோ விரல் வைத்த இடத்தில் துரு. வெறுங்கை படக் கூடாது என்று நூறு தடவை சொல்லியிருந்தேன். "நான் தொடலப்பா, சத்தியமா தொடல" என்று அழுதாள். பொய் வேறா என்று அறைந்தேன். "அவ பொய் சொல்ற பொண்ணா?" என்று நீ குறுக்கே வந்தாய். வாளைத் துணியில் சுற்றி என் அறை அலமாரியில் போட்டேன்.

அதன் பிறகு அவள் அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும், தேநீரைக் கதவோரம் வைத்து, "அப்பா, இங்க வெச்சிருக்கேன்" என்று போய்விடுவாள். நானும் ஒருநாள்கூட உள்ளே வா என்று கூப்பிட்டதில்லை.

கல்லை வைக்கும் முன் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். துரு ரேகை ரேகையாகத் தெரிந்தது. பெரிய கட்டைவிரல். குறுக்கே சாய்வாக ஒரு கோடு. அதற்கு முந்தின வருடம் இந்த வாளுக்கு மர உறை செதுக்கும்போது உளி பாய்ந்து எனக்கு நாலு தையல் போட்டார்களே, அதே கோடு. என் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையதுதான், ஃபுமியே. நான்தான் தொட்டிருக்கிறேன்.

இனித் தேய்க்க மாட்டேன். துரு பரவாமல் கிராம்பெண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். பாதி பளபளப்பும் பாதி கறுப்புமாக வாள் அசிங்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஆகஸ்டில் ஓபோன். போனவர்கள் வீடு திரும்பும் நாட்களில் மினோரிக்கு இது முதல் வருடம். அவள் படம் உன்னிடம் இருக்கிறது. அதனால் அங்கேதான் வருவாள். ஊதுபத்தி ஏற்றி, இந்தக் கடிதத்தை அவளுக்குக் கேட்கும்படி படித்துக் காட்டு. அவள் தொடவில்லை என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று சொல். முடிந்தால் அவளை இங்கே அழைத்துக்கொண்டு வா. அந்த அறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். வாசலோடு நிற்க வேண்டாம், உள்ளே வரச் சொல்.

உன்,
கென்சாகு